நீல மூடி

ஆனி 28, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. ஆடி பிறந்தால் எடுக்க முடியாது என்று அலைந்து திரிந்து இன்றைக்கு எடுத்தோம். அறுபத்தொன்பது வயதில் என் பேருக்கு ஒரு வண்டி. இத்தனை காலம் இந்தத் தாளவாடி மலையில் நான் விளைவித்த கோசும் பீட்ரூட்டும் அடுத்தவன் வண்டியில்தான் கீழே இறங்கின. "எடம் இருந்தா ஏத்தறேனுங்க" என்பான். அவனுக்குக் காத்திருந்து வாடின கோசை மாடுகூடத் திரும்பிப் பார்க்காது.

சத்தியமங்கலத்துக் கடையில் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்கள். நான் பெருவிரலை நீட்டினேன். மைப்பெட்டி தேடி ரெண்டு பேர் மாடிக்கு ஓடினார்கள். அது வருகிற வரைக்கும் விரலை மடக்குவதா நீட்டியே வைத்திருப்பதா என்று தெரியவில்லை. அப்புறம் ஒரு சாவி, ஒரு சாமி படம், இந்த டைரி, மூன்றையும் கொடுத்தார்கள். "எண்ணெய் ஊத்தற தேதி, சர்வீஸ் தேதியெல்லாம் இதுல எழுதி வைங்க ஐயா" என்றான் கடைப்பையன். விரல் மை இன்னும் காயவில்லை, அதற்குள் எழுதி வையுங்கள் என்கிறான்.

ஆகவே நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி நாச்சம்மாள் எழுதுகிறாள். அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள். நான் சொல்வதை மட்டும் எழுது, உன் சரக்கைச் சேர்க்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

(எழுதுகிறவள்: சேர்க்க மாட்டேன்.)

எனக்குப் படிப்பு இல்லையே தவிர, காதில் விழுந்தது விழுந்ததுதான். எந்த வருசம் எந்தக் கிணறு வற்றியது, யார் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் போனார்கள், எல்லாம் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அந்தப் பையன் சொன்னதையும் அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்:

"டேங்கு ரெண்டுங்க ஐயா. பெரிய மூடி டீசலுக்கு. பக்கத்துல நீல மூடி. அது புகையைச் சுத்தம் பண்ற தண்ணிக்கு. பெட்ரோல் பங்குல கேன்ல கிடைக்கும். அதைத் தவிர வேற எதையும் அதுக்குள்ள ஊத்திராதீங்க. பச்சைத்தண்ணிகூட வேண்டாமுங்க."

"அதுல என்னப்பா இருக்குது?"

"யூரியாங்க. யூரியாவும் சுத்தமான தண்ணியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யூரியாவா! ஏந் தம்பி, யூரியாவைக் கரைச்சா வாளி எப்படி ஆகும், தெரியுமா உனக்கு? ஐஸ் வெச்சாப்பல சில்லுன்னு ஆயிரும். வெளிப்பக்கம் வேர்த்து ஊத்தும். உங்கொப்பன் டவுசர் போடறதுக்கு முந்தி இருந்து நான் கரைச்சுக்கிட்டிருக்கறேன்."

அவனும் சிரித்தான். "இருந்தாலும் கேன்லயே வாங்கி ஊத்துங்க ஐயா."

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து அத்தப்பன் வண்டியை எடுத்தான். அத்தப்பன் என் வீட்டுக்காரியின் தம்பி. முப்பது வருசமாக அடுத்தவர் வண்டி ஓட்டியவன். நான் வண்டி எடுக்கிறேன் என்றதும், ஓட்டிக்கொண்டிருந்த வண்டியின் சாவியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். "மாமன் வண்டின்னா நம்ம வண்டிங்க" என்றான்.

ஆனி 30, ஞாயிறு

முதல் லோடு. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கோசு.

எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. என் பழைய ஆயில் எஞ்சின் ஓடினால் பக்கத்துத் தோட்டத்துக்காரன் எழுந்து உட்காருவான். இது பூனை மாதிரி உறுமுகிறது. காதை வைத்துக் கேட்டால் நோய் சொல்கிறவன் நான். இதில் காதுக்கு வேலையே இல்லை. முன்னால் சின்னச் சின்ன விளக்குகள், கூடவே ஓடுகிற எழுத்து. எழுத்துக்கு என்னிடம் என்ன வேலை.

பங்கில் நிறுத்தினோம். நான் இறங்கி, குழாய் முனையை மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றச் சொன்னேன். பெட்ரோலை மாற்றி ஊற்றிவிட்டால் வண்டி போச்சு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எண்ணெய் போடுகிற பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"பெரியப்பா, டீசல்தானுங்க. பாயசமில்லை, மோந்து பாக்கறதுக்கு."

அத்தப்பன் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சந்தோசமான நாள்.

ஆடி 5, ஞாயிறு

வண்டி கழுவினேன். சக்கரத்துக்குக் காற்று. லோடு இல்லை.

ஆடி 9, வியாழன்

திம்பம் மலை ஏறும்போது ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சூடேறின வாசம் வேறு. நிறுத்துடா, தீப்பிடிக்குது என்றேன்.

"இல்லீங் மாமா. உள்ள சேர்ந்த கரியை அதுவே எரிச்சுக்குது. நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு பொஸ்தகத்துல போட்டிருக்குது."

"பொஸ்தகமா வண்டி ஓட்டுது? நிறுத்து."

நிறுத்தினான். கீழே இறங்கி நின்று மலையைப் பார்த்தான். மறுபடி எடுத்தபோது விளக்கும் மறுபடி எரிந்தது. இந்த முறை நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆசனூர் தாண்டியதும் கேட்டான்.

"தூங்கறீங்களா மாமா?"

"ம்."

"தூங்குங்க, தூங்குங்க. எரிஞ்சு முடிஞ்சுது."

ஆடி 18, சனி

பதினெட்டு. மகன் லோகநாதன் திருப்பூரிலிருந்து வந்தான். பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். வண்டிக்கு மாலை போட்டு எல்லோரும் ஒரு சுற்றுப் போனோம். அப்போது பார்த்து நீல மூடி விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அத்தப்பன் படித்துவிட்டு, தண்ணி தீரப்போகுது என்றான். பங்கில் கேட்டால் கேன் தீர்ந்துவிட்டதாம்.

"அதனாலென்ன, புதன்கிழமை சத்திக்குப் போய் வாங்கிக்கலாமுங்க. அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்" என்றான் அத்தப்பன்.

செவ்வாய்க்கிழமை லோடு போக வேண்டும். கோசு வெட்டிப் போட்டாகிவிட்டது. சொந்த வண்டி வாசலில் நிற்க, நான் மறுபடியும் அடுத்தவனிடம் போய் இடம் கேட்பதா? அதை லோகநாதன் முன்னால் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆடி 20, திங்கள்

வேலை ஒன்றுமில்லை. கோசுக்கு மேலுரம் போட்டது போக மூட்டையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் கட்டி வைத்தேன்.

(எழுதுகிறவள்: சாயங்காலம் பால் கறக்க வாளியை எடுத்தேன். வெயிலில் நான் கவிழ்த்து வைத்தது, அப்போதுதான் யாரோ புழங்கின மாதிரி சில்லென்று இருந்தது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. பிசுபிசுவென்று வேப்பெண்ணெய் வாசம். புளி போட்டுத் தேய்த்தேன். சரக்கைச் சேர்க்காதே என்றார். இது என் சரக்கு இல்லை, என் வாளி.)

ஆடி 21, செவ்வாய்

லோடு போனது. விளக்கு எரியவில்லை.

அத்தப்பன் கேட்டான். "நீல மூடி விளக்கு போயிருச்சே. புகைத் தண்ணி ஊத்துனீங்களா மாமா?"

"கேன் கிடைச்சுது. ஊத்தினேன்."

"எங்கீங்க கிடைச்சுது?"

"கிடைச்சுதுப்பா."

"காலி கேனைக் குடுங்க. தண்ணி மொண்டு வெக்கறதுக்கு ஆகும்."

"வீசிட்டேன்."

பண்ணாரி வருகிற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆடி 29, புதன்

இன்று நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டாலும் ஊர் சொல்லும்.

மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாக மலை ஏறினோம். நாலாவது வளைவிலேயே வண்டி இழுக்கவில்லை. மிதித்தாலும் அதே நடை. கிழட்டு மாடு மாதிரி ஒரே நிதானம். பின்னால் பஸ், அதற்குப் பின்னால் கரும்பு லாரி, அதற்குப் பின்னால் கார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஆரன் அடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். தாண்டும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டினார்கள்.

"பெருசு! எறங்கித் தள்ளு, உடம்புக்கு நல்லது!" என்றான் ஒரு கரும்பு லாரிக் கிளீனர்.

புது வண்டி. மாலைகூட இன்னும் காய்ந்து விழவில்லை.

முன்னால் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. என்ன போட்டிருக்குது என்று கேட்டேன்.

"புகைத் தண்ணி சரியில்லைன்னு போட்டிருக்குது மாமா. இன்னும் கொஞ்ச தூரம்தான் ஓடுமாம். அப்பறம் ஸ்டார்ட்டே ஆகாதாம்."

"எல்லாம் இதுக்குத் தெரியுதாக்கும்."

"தெரியுதுங்க" என்றான். "உள்ள என்ன ஊத்தியிருக்குதுன்னு இதுக்குத் தெரிஞ்சுதான் இருக்குது."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் யானை எதுவும் நிற்கிறதா என்று காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆவணி 1, சனி

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு சத்தி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். லோகநாதனும் வந்திருந்தான்.

மெக்கானிக் நீல மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். வாயோரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி பூத்திருந்தது. விரலால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"வேப்பெண்ணெய் வாசம் அடிக்குது. இது வயலுக்குப் போடற யூரியா. அதுல வேப்பெண்ணெய் பூசித்தான் விக்கறாங்க. யாரோ கிணத்துத் தண்ணியில கரைச்சு ஊத்தியிருக்கறாங்க. உள்ள பம்பு, குழாய் எல்லாம் அடைச்சுப் போச்சுங்க. கழட்டி மாத்தோணும்."

லோகநாதன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். தணிவாகத்தான் பார்த்தான்.

"அப்பா, வண்டி எடுக்கறப்பவே சொல்லியிருப்பாங்க. வயசாச்சு, நீங்க மறந்திருப்பீங்க. பரவாயில்லைங்கப்பா."

ஆம் என்று தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. மறந்துபோச்சு என்று ஒரு வார்த்தை. அங்கே மெக்கானிக், அவரிடம் வேலை செய்கிற ரெண்டு பேர், வண்டி விட வந்த யாரோ நாலு பேர், எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். கிழவனுக்கு மறதி என்று அத்தனை பேரும் தலையாட்டத் தயாராக இருந்தார்கள். பெருவிரலை நீட்டிக்கொண்டு மைப்பெட்டிக்குக் காத்திருந்தது ஞாபகம் வந்தது.

"நான் எதையும் மறக்கறதில்லை" என்றேன். "அந்தப் பையன் சொன்னது ஒண்ணுவிடாம ஞாபகம் இருக்குது. பச்சைத்தண்ணிகூட ஊத்தாதீங்கன்னு சொன்னான்."

"அப்பறம் யாருங்க ஊத்துனது?" என்றார் மெக்கானிக். "வண்டி ஓட்டறது யாரு?"

"அவன்தான்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. வண்டி ஓட்டுவது யார் என்றுதானே கேட்டார்.

அத்தப்பன் என்னை ஒரு தரம் பார்த்தான். "நான் ஊத்தலைங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து வண்டியின் மூக்கில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

(எழுதுகிறவள்: இதுவரைக்கும் எழுதிவிட்டு, பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். தீரவில்லை.)

ஆவணி 3, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஆவணி 5, புதன்

லோகநாதன் போனில் அத்தப்பனிடம் கேட்டுவிட்டானாம். கேன் வாங்கக் கொடுத்த காசை எடுத்துக்கொண்டு உரத்தைக் கரைத்து ஊற்றினீர்களா என்று. நான் கேட்கச் சொல்லவில்லை. கேட்காதே என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அத்தப்பன் வந்தான். லோகநாதனும் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். அத்தப்பன் வாசல்படி ஏறவில்லை. எப்போதும் நேராக அடுப்படிக்குப் போய், "அக்கா, என்ன குழம்பு" என்று சட்டியைத் திறக்கிறவன். இன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாப்பிள்ளை, நான் ஊத்தலை. நான் யாரு காசையும் எடுக்கலை."

"அப்ப யாரு மாமா ஊத்துனது? வண்டியா போய்க் குடிச்சுட்டு வந்துச்சு?"

"அது எனக்கு வேண்டியதில்லை. நான் ஊத்தலை. சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லு, பண்றேன்."

"பண்ணுங்க" என்றான் லோகநாதன். வெடுக்கென்று சொல்லிவிட்டான். சொன்ன வார்த்தை சொன்னதுதான். அமாவாசையன்று மாகாளியம்மன் கோயிலில் என்று ஆயிற்று.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழி யார் மேலோ அவர் சாமிக்கு எதிரே நிற்க வேண்டும். பழி சொன்ன வீட்டின் பெரியவர் சூடம் ஏற்ற வேண்டும். எரிகிற சூடத்தைப் பழி சுமந்தவர் உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் செய்யலை" என்றால் பழி போயிற்று. ஆனால் ஒருவனைச் சத்தியம் வரைக்கும் கொண்டுபோன வீட்டில் அவன் அப்புறம் தண்ணீர் குடிக்க மாட்டான். ரெண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது கிடையாது. சாவுக்குக்கூடத் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். என் அறிவில் இந்த ஊரில் நாலு குடும்பம் அப்படிப் பிரிந்திருக்கிறது. எந்தெந்தக் குடும்பம் என்று கேட்டால் சொல்வேன்.

இந்த வீட்டின் பெரியவர் நான்.

(எழுதுகிறவள்: எனக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருத்தன்.)

ஆவணி 8, சனி

வண்டி சரியாகி வந்தது. ஓட்ட ஆள் இல்லை. பக்கத்து ஊர்க்காரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு லோடு போனேன்.

பங்கில் அதே பெண்.

"இன்னொரு பெரியப்பா எங்கீங்க? சிரிச்சுக்கிட்டே வருவாரே?"

"வரலை."

"நெசமாலுமா? அவரு யூரியாவைக் கரைச்சு ஊத்திட்டாருன்னு பேசிக்கறாங்க. பாத்தா அப்படித் தெரியலையே."

இங்கே வரைக்கும் வந்துவிட்டது. நான் இன்றைக்குக் குழாயை மோந்து பார்க்கவில்லை. கேன் ஒன்று வாங்கினேன். நானே நீல மூடியைத் திறந்து ஊற்றினேன். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கிணற்றுத் தண்ணீரேதான் என்று சொல்லலாம் போல இருந்தது. கொஞ்சம் வெளியே சிந்திற்று. ஊர் வந்து சேரும்போது சிந்தின இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கத் தடம் தெரிந்தது.

ஆவணி 11, செவ்வாய்

அத்தப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் சம்சாரம் மோர் கொடுத்தாள். இனிமேல் இந்த வீட்டில் எனக்குத் தண்ணீர் இல்லை என்கிற நினைப்பிலேயே மெதுவாகக் குடித்தேன்.

அத்தப்பன் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

"பின் சக்கரத்துக்குக் காத்து எவ்வளவு வெக்கறதுப்பா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தான். "அதைக் கேக்கவா இந்த வெயில்ல நடந்து வந்தீங்க?"

"ஆமா."

"லோடு இருந்தா ஒரு கணக்கு, இல்லாட்டி ஒரு கணக்குங்க. கதவு ஓரத்துல ஒட்டியிருக்குது." அப்புறம் ஞாபகம் வந்தவன் மாதிரி, "ஆரையாவது படிக்கச் சொல்லுங்க" என்றான். அவன் குத்திச் சொல்லவில்லை. எனக்குக் குத்திற்று.

வேறு ஏதாவது சொல்லோணுமா மாமா என்று கேட்டான். இல்லை என்றேன். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

ஆவணி 14, வெள்ளி

லோடு இல்லை. வண்டி மேல் தூசி. துடைக்கவில்லை.

ஆவணி 16, ஞாயிறு

நாளைக்கு அமாவாசை. சூடம் வாங்கி வரச் சொன்னேன் நாச்சம்மாளிடம். நீங்களே வாங்கிக்கோங்க என்றாள். நான்தான் போய் வாங்கினேன். கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

அத்தப்பன் அப்படியொன்றும் பொய்ச் சத்தியம் செய்யப் போவதில்லை. அவன் ஊற்றவில்லை. ஊற்றவில்லை என்று சொல்லப் போகிறான். சாமி அவனை ஒன்றும் செய்யாது. பழி போய்விடும். எல்லாம் சரியாகிவிடும்.

(எழுதுகிறவள்: இந்தக் கடைசி ஆறு வரியை என்னை ரெண்டு தடவை திருப்பிப் படிக்கச் சொன்னார். படித்தேன். சரியா இருக்குதா என்று கேட்டார். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை என்றேன்.)

ஆவணி 17, திங்கள், அமாவாசை

கோயிலில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். மண்டிக்கு லோடு போகிற வண்டிக்காரர்கள்கூட நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அத்தப்பன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். என் பக்கம் பார்க்கவில்லை. அக்காள் பக்கம் மட்டும் ஒரு தரம் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பூசாரி, "பெரியவரே, ஏத்துங்க" என்றார்.

தீக்குச்சி பிடிக்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. "யூரியாவுல நனைஞ்சுருச்சோ என்னமோ" என்று கூட்டத்தில் எவனோ சொன்னான். சிரித்தார்கள். மூன்றாவது பிடித்தது. சூடம் எரிந்தது.

அத்தப்பன் சாமியைப் பார்த்துக் கையை உயர்த்தினான். முப்பது வருசம் வளைவுக்கு வளைவு ஸ்டியரிங் பிடித்த கை. உள்ளங்கை தெரிந்தது.

"தாயே, நான்..." என்று ஆரம்பித்தான்.

அவன் கை இறங்குவதற்குள் என் கை இறங்கிவிட்டது.

எப்படி என்று கேட்டால் தெரியாது. எனக்குத் தெரியாது என்று நான் சொல்கிற ஒரே விசயம் இதுதான். உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்து அழுத்தினேன். "ஊத்துனது நான். மூட்டையில மிச்சமிருந்த யூரியாவை நான்தான் கரைச்சு ஊத்தினேன். அவனில்லை. நான் மறக்கலை. தெரிஞ்சுதான் ஊத்தினேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். கோயில் முழுக்கக் கேட்டதாம்.

லோகநாதன் கீழே குனிந்துகொண்டான். பெற்றவன் நான் பிள்ளை முன்னால் நிற்க வெட்கப்பட்டது போய், என் பிள்ளை எனக்காக வெட்கப்பட்டு நிற்பதைப் பார்த்தேன். கை அப்படியே இருந்தது. எடுத்தால் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டுமே என்று அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அத்தப்பன்தான் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கையை எடுங்க மாமா" என்றான். "சூடம் அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு."

ஆவணி 20, வியாழன்

கையில் கட்டு. சோறு இடது கையால். நாச்சம்மாள் ஊட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

லோகநாதன் மாமனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். என்னிடம், "மருந்து போட்டுக்கோங்கப்பா" என்றான்.

சாயங்காலம் அத்தப்பன் வந்தான். வாசலிலேயே நின்றான். சத்தியம் வாயிலிருந்து முழுசாக வரவில்லை, அதனால் வீடு பிரியவில்லை என்று பூசாரி சொல்லிவிட்டாராம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள் அக்காள். வாங்கிக் குடித்தான். குடித்ததைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

"கேனை வீசிட்டேன்னு சொன்னீங்களே, அப்பவேங்க. நீங்க ஒடைஞ்ச பக்கெட்டைக்கூட வீச மாட்டீங்க."

"ஏன் ஒர்க்‌ஷாப்புல சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்."

நான் கட்டுக் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அவன்தான் மேலே பேசினான்.

"வண்டிக்கு வர்றேன் மாமா. ஆனா கோயில்ல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். ஒர்க்‌ஷாப், பங்கு, மண்டி, டீக்கடை, எங்கெங்க என் பேரு போச்சோ அங்கெல்லாம் நீங்க வந்து உங்க வாயால சொல்லோணும். நான் கூட வர மாட்டேன், வண்டியில உக்காந்திருப்பேன். அப்பறம் இன்னொண்ணு. நீல மூடிக்குப் பூட்டுப் போடறேன். சாவி அக்காகிட்ட."

சரி என்றேன்.

ஆவணி 23, ஞாயிறு

லோடு போனோம். அத்தப்பன் ஓட்டினான்.

முதலில் ஆசனூர் டீக்கடை. அங்கே உட்கார்ந்து இதைப் பேசித் திரிந்தவர் மூன்று பேர் என்று எனக்குத் தெரியும். மூன்று பேரும் இருந்தார்கள். சொன்னேன். ஒருவர் டீயை வாயில் வைத்தபடியே இருந்தார்.

பங்கில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "ஐயோ பெரியப்பா, பாயசம் காய்ச்சுனது நீங்கதானா?" என்றாள். சிரித்துவிட்டு, அப்புறம் என் கட்டுக் கையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். சிரித்திருந்தாலே தேவலை.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் இல்லை. வருகிற வரைக்கும் பெஞ்சில் காத்திருந்தேன். அன்றைக்கு வண்டி விட வந்திருந்த நாலு பேரையும் விசாரித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அதில் ஒருவர் சத்தியிலேயே மாவு மில் வைத்திருக்கிறார். யாருங்க நீங்க என்றார். அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மண்டியில் ஒன்பது பேர். அதில் ரெண்டு பேர், "அத்தப்பனைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்களாக்கும், நல்ல மனசு உங்களுக்கு" என்றார்கள். இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். நம்பவில்லை. நல்லவன் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பிப் போய் இன்னொரு தரம் சொன்னேன்.

ஒவ்வொரு இடத்திலும் அத்தப்பன் வண்டியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மலை ஏறும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் நிறுத்து என்று சொல்லவில்லை. கண்ணையும் மூடவில்லை. எரிந்து முடிகிற வரைக்கும் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டே வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் நாச்சம்மாளிடம் இதையெல்லாம் சொல்லி எழுதச் சொன்னேன். எழுதிக்கொள்: யார் யார் காதில் அந்தப் பேச்சு விழுந்ததோ அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. ஒருத்தரையும் விடவில்லை. எனக்கு மறக்காது.

(எழுதுகிறவள்: ஒருத்தியை விட்டுவிட்டார். அந்த வாளியில்தான் இன்னமும் பால் கறக்கிறேன். ஊருக்கெல்லாம் சொன்னதை எழுதச் சொன்னாரே தவிர, முகத்தைப் பார்த்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே கட்டிலில்தான் இருக்கிறார், கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு. எழுதி முடிச்சாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். பேனாவை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.)